எந்த வில்லி? எந்தக் கோதை?

பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் இல்லை. இதைச் சொன்னால் ஊரில் சிலருக்கு முகம் வாடும். பெயரிலேயே ஊர் இருக்கும்போது வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்பார்கள். ஆனால் அவருடைய மகன் வரந்தருவார் பாடிய சிறப்புப் பாயிரம் அவரைத் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர் என்கிறது. இன்றைய விழுப்புரம், கடலூர் வட்டாரம்தான் அந்தப் பழைய திருமுனைப்பாடி. அப்பாவின் பூர்வீகத்தை மகன் சொன்ன பிறகு நாம் மறுத்துப் பேச இடமில்லை.

தேர், கோபுரம் என்று இந்தத் தொடரில் இதுவரை மரத்தையும் கல்லையும் அதிகம் பார்த்துவிட்டோம். இந்த முறை பெயர்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இந்தச் சின்ன வட்டாரத்தில் பிறந்த சில பெயர்கள் நாடு முழுக்க நடந்து, வேறு வேறு காலத்து மனிதர்கள் மேல் போய் உட்கார்ந்திருக்கின்றன. நூறு, ஐந்நூறு ஆண்டு கழித்துப் படிக்கிறவன் கண்ணுக்கு இரண்டு பேர் ஒருவராகத் தெரிகிறார்கள். சில சமயம் ஒருவரே இரண்டாகவும் தெரிகிறார். வரலாறு எழுதுகிறவனின் உழைப்பில் பாதி இந்த முடிச்சை அவிழ்ப்பதிலேயே போய்விடுகிறது.

முதல் வில்லியிடமிருந்து தொடங்குவோம். அவர் புலவர் இல்லை, வேடர். தலபுராணக் கதை இது. இந்தக் காட்டை மல்லி என்ற அரசி ஆண்டாள். அவளுக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிட்டது. தம்பியைத் தேடி அலைந்த வில்லி களைத்து ஒரு மரத்தடியில் கண்ணயர, கனவில் பெருமாள் வந்து நடந்ததைச் சொல்லி, காட்டுக்குள் மறைந்து கிடந்த வடபத்ரசாயி கோயிலையும் காட்டினார். வில்லி காடு திருத்திக் கோயிலைக் கட்டி ஊரை உண்டாக்கினார். அதனால் வில்லிபுத்தூர். கல்வெட்டை வைத்து நிறுவக்கூடிய செய்தி இல்லை இது. ஆனாலும் சிவகாசி போகும் சாலையில் மல்லி என்ற ஊர் இன்றும் இருக்கிறது. கதையில் வரும் புலியும் முழுக்கக் கற்பனை என்று ஒதுக்க முடியாதது. ஊருக்கு மேற்கே உள்ள மலைக்காட்டை 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். கண்டனை அடித்த புலியின் வம்சத்துக்கு அரசாங்கமே பட்டா கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயர் மிகப் பழையது என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். பெரியாழ்வாரும் அவர் மகள் ஆண்டாளும் தங்கள் பதிகங்களின் கடைசிப் பாட்டில் தம் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து முத்திரை வைக்கிறார்கள். வேடனின் பெயர் ஊருக்குப் போய், ஊரின் பெயர் ஆழ்வாரோடு ஒட்டிக்கொண்டது. அதன்பின் நாலைந்து நூற்றாண்டு கழித்து வடக்கே திருமுனைப்பாடியில், வீரராகவர் என்ற வைணவர் தம் பிள்ளைக்கு, பெரியாழ்வார் மேல் இருந்த பக்தியால், வில்லிபுத்தூரார் என்றே பெயர் வைத்தார் என்பது வழிவழிச் செய்தி. ஆளிடமிருந்து ஊர், ஊரிலிருந்து மறுபடி ஆள். புலவர் பிறந்த ஊரைத் தேடி இங்கே வருகிறவர்கள் இந்தச் சுற்றில்தான் வழி தவறுகிறார்கள்.

இந்த இரண்டாம் வில்லியின் காலம் பதினான்காம் நூற்றாண்டின் கடைசி அல்லது பதினைந்தின் தொடக்கம். ஆதரித்தவர் வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான். அவர் கேட்டுக்கொண்டபடி பத்துப் பருவத்தில், நாலாயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாரதம் பிறந்தது. பதினெட்டாம் நாள் போர் முடிந்த கையோடு நூலும் முடிந்துவிடும். தருமர் பட்டமேறிய பிறகு நடக்கும் சாந்தி உபதேசங்களில் வில்லிக்கு ஆர்வம் இல்லை போலிருக்கிறது. எனக்கு அதில் குறையொன்றும் தோன்றியதில்லை. சண்டை முடிந்த பிறகு உட்கார்ந்து கேட்கக் கூத்து பார்க்க வந்த கூட்டம் தயாராக இருக்காது.

கூத்து என்று சும்மா சொல்லவில்லை. செஞ்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பிரசங்கியார் கையில் இருப்பது பெரும்பாலும் வில்லிபாரதம். ஆக, புலவர் பிறந்த வட்டாரம் அவரை மறக்கவில்லை. அவர் பாட்டை இன்றும் வெயிலில் உட்கார்ந்து கேட்கிறது. பெயர் தெற்கே இருக்கிறது, குரல் வடக்கே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் அவரை உரிமை கொண்டாடும்போது சனியூருக்கு இழைக்கப்படும் அநியாயம் இதுதான்.

வில்லி என்றதும் பலருக்குப் பாரதத்தைவிடக் காது அறுத்த கதைதான் நினைவுக்கு வரும். வாதில் தோற்ற புலவரின் காதைத் துறட்டியால் அறுத்துவிடுவாராம். குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியனும் காதைக் குடைந்தறுக்க வில்லியும் தலையை வெட்ட ஒட்டக்கூத்தரும் இல்லாததால் போலிப் புலவர்கள் பெருத்துவிட்டார்கள் என்று பிற்காலத் தனிப்பாடல் ஒன்று நொந்துகொள்கிறது. அப்படிப்பட்ட வில்லி அருணகிரிநாதரோடு மோதினார்; அருணகிரியார் பாடப் பாட வில்லி உரை சொல்லிக்கொண்டே வந்தார்; தகர வரிசை எழுத்துகளாலேயே அமைந்த பாட்டு வந்ததும் திகைத்து நின்றார்; காதை அறுக்காமல் விட்ட அருணகிரியார் துறட்டியையும் கீழே போடச் செய்தார் என்பது கதை. அந்த வாதில் பிறந்ததாகச் சொல்லப்படும் கந்தரந்தாதிக்கு வில்லிபுத்தூரார் உரை என்று ஒன்று இன்றும் அச்சாகிறது. சைவரும் வைணவரும் மோதி, கருணை எந்தப் பக்கம் என்று காட்டும் விதமாக இந்தக் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. நான் இதை வரலாற்றுப் பக்கத்தில் வைக்க மாட்டேன். பாரதத்தில் கர்ணன் சாகும் இடத்தை அப்படிப் பாடிய மனிதர் கையில் துறட்டியைக் கற்பனை செய்ய மனம் வரவில்லை என்பதும் ஒரு காரணம். அது வாதமாகாது, தெரியும்.

வில்லிபுத்தூரில் பிறந்த அடுத்த பெயர் விட்டுசித்தன். பெரியாழ்வாருக்குப் பெற்றோர் வைத்த பெயர். வடமொழி வாயில் விஷ்ணுசித்தர். மதுரையில் பாண்டியன் சபையில் பரதத்துவத்தை நிறுவிப் பொற்கிழி வென்று, யானை மேல் ஊர்வலம் வந்தபோது பல்லாண்டு பாடினார் என்று குருபரம்பரை சொல்லும். அந்தப் பாண்டியன் யார்? இங்கேதான் பெயர்ச் சிக்கல் கழுத்தைப் பிடிக்கிறது. குருபரம்பரை அவனை வல்லபதேவன் என்கிறது. ஆழ்வாரே திருமாலிருஞ்சோலைப் பதிகத்தில் நெடுமாறனைக் குறிப்பிடுகிறார். பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூட்டிக்கொண்டவர்கள். மாறன் என்றால் அந்தக் குடியில் ஒரு கூட்டமே திரும்பிப் பார்க்கும். சம்பந்தர் காலத்து நின்றசீர் நெடுமாறன் ஏழாம் நூற்றாண்டு. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் ஒன்பதாம் நூற்றாண்டு. எந்த மாறனைப் பிடிக்கிறோமோ அந்த நூற்றாண்டுக்கு ஆழ்வாரும் அவரோடு ஆண்டாளும் நகர்ந்துவிடுவார்கள். ‘ஆழ்வார்கள் காலநிலை’ எழுதிய மு. இராகவையங்கார், விடியலில் வெள்ளி உதிக்க வியாழன் மறைந்ததாகத் திருப்பாவை காட்டும் வான்நிலையைக் கணக்கிட்டு 731ஆம் ஆண்டு என்றார். அதே வான்நிலையை வைத்து ஒன்பதாம் நூற்றாண்டுக்குக் கணக்குப் போட்டவர்களும் உண்டு. மாறன், வல்லபன் இரண்டு பெயரும் ஒரே ஆள் மேல் பொருந்துகிற ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் பக்கமே என் சார்பு. குருபரம்பரை சொல்லும் பெயரும் ஆழ்வார் சொல்லும் பெயரும் வேறெங்கே இவ்வளவு இயல்பாகச் சேர்கின்றன?

இரண்டாம் விஷ்ணுசித்தர் திருவெள்ளறைக்காரர். ராமானுஜரின் சீடர் கூட்டத்தைச் சேர்ந்தவர், பன்னிரண்டாம் நூற்றாண்டு. எங்களாழ்வான் என்றால்தான் வைணவர்களுக்குத் தெரியும். விஷ்ணுபுராணத்துக்கு இவர் எழுதிய உரை விஷ்ணுசித்தீயம். இவரிடம் பாடம் கேட்கப் போன நடாதூர் அம்மாள் (பெயரைப் பார்த்துப் பெண் என்று எண்ணிவிட வேண்டாம், ஆசாரியர்தான்) வாசலில் நின்று கதவைத் தட்டினார். யாரென்று உள்ளிருந்து குரல் வந்தது. நான்தான் என்றார். நான் செத்த பிறகு வரச் சொல்லிவிட்டார் எங்களாழ்வான். ஒன்றும் புரியாமல் வீட்டுக்குத் திரும்பியவருக்கு அம்மா சொல்லிக்கொடுத்தார். மறுபடி போய்த் தட்டி அடியேன் என்றதும் கதவு திறந்தது.

மூன்றாவதாக இந்தப் பெயர் ஆளின் மேல் உட்காரவில்லை, புத்தகத்தின் மேல் உட்கார்ந்தது. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா ஆற்றங்கரை ஸ்ரீகாகுளத்தில் தங்கினார். அங்கே ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, சூடிக்கொடுத்தவளின் கதையைத் தெலுங்கில் எழுதச் சொன்னதாக அவரே நூலின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். அப்படிப் பிறந்தது ஆமுக்தமால்யதா. தெலுங்கின் ஐம்பெருங்காவியங்களில் ஒன்று. அதற்கு இன்னொரு பெயர் விஷ்ணுசித்தீயமு. நூலகத்தில் விஷ்ணுசித்தீயம் கேட்டுப் போகிற மாணவன் கையில் வடமொழிப் புராண உரை வருமா, தெலுங்குக் காவியம் வருமா என்பது அலமாரியைப் பொறுத்தது. இரண்டு நூலின் பெயருக்கும் வேர் வில்லிபுத்தூர் நந்தவனத்தில் பூப்பறித்த அதே மனிதரிடம் போகிறது. முதலாவதில் அவர் பெயரைச் சுமந்த உரைகாரர் இருக்கிறார். இரண்டாவதில் அவரே கதாநாயகர். மகளுக்குக் காவியத்தின் பிற்பகுதியில்தான் இடம். ராயருக்குப் பிடித்தவர் அப்பாதான் என்று எனக்குப் படுகிறது. அடியார்களுக்கு விருந்து வைக்கும் விஷ்ணுசித்தர் வீட்டு அடுக்களையைப் பருவத்துக்குப் பருவம் மாறும் கறிவகையோடு அவர் எழுதுவதைப் படித்தால், படைத்தளபதி எழுதியது என்று நம்பவே முடியாது.

இந்தத் தெலுங்குக் காவியத்துக்குப் பக்கத்து ஊரிலேயே வாசகர்கள் இருந்தார்கள். விஜயநகர காலத்தை ஒட்டி ஆந்திரத்திலிருந்து தெற்கே வந்து தங்கிய ராஜுக்கள் ராஜபாளையத்தில் இன்றும் வீட்டில் தெலுங்குதான் பேசுகிறார்கள். அவர்களிடம் பின்னால் வருவோம்.

கோதை. ஆண்டாளுக்கு அப்பா இட்ட பெயர். நம் காதுக்கு இது முழுக்க முழுக்கப் பெண்பெயர். ஆனால் ஆண்டாளுக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தப் பெயரில் மீசை வைத்த அரசர்கள் இருந்தார்கள். சேரர் குடியில் கோதை என்பது அரசப்பெயர். கோக்கோதை மார்பனைப் பொய்கையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். குட்டுவன் கோதை என்று ஒருவன். கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்று இன்னொருவன். இவன் தானே புலவனும்கூட. மனைவி இறந்தபின், அவளை ஈமத்தீயில் வைத்துவிட்டும் தான் உயிரோடிருக்கிறோமே என்று இவன் புலம்பிய பாட்டு புறநானூற்றில் 245. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் ரோமானியக் காசுகளின் சாயலில் ஒரு தலை, பக்கத்தில் தமிழி எழுத்தில் மாக்கோதை என்ற பெயர். புலம்பியவனும் காசில் இருப்பவனும் ஒருவனா? ஆசைதான். ஆனால் மாக்கோதை ஒருவன்தான் இருந்தான் என்பதற்கு யார் உத்தரவாதம்? கொடுங்கல்லூரிலிருந்து ஆண்ட பிற்காலச் சேரர்களிலும், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதை இரவி என்ற பெயருள்ள அரசன் இருக்கிறான். பெரியாழ்வார் பெண்ணுக்குக் கோதை என்று பெயர் வைத்த காலத்துக்கு முன்னும் பின்னும், மலைக்கு அந்தப் பக்கத்தில் அது ஆண்பெயராகவே வழங்கியிருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு பெண் பாடிய 173 பாட்டு அதை நிரந்தரமாகப் பெண்பெயராக்கிவிட்டது.

பொய்கையாரைச் சொன்னோமே, அவர் ஒரு தனி வழக்கு. சங்கப் புலவர் பொய்கையார், களவழி நாற்பது பாடிய பொய்கையார், முதலாழ்வார் பொய்கையார் மூவரும் ஒருவரா வேறா என்று இருபதாம் நூற்றாண்டுத் தமிழறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஔவையார்களை எண்ணத் தொடங்கினால் இந்த இதழ் போதாது.

கோதையின் விஷயத்தில் நேர் எதிரான கேள்வியும் எழுந்தது. ஆண்டாள் என்று தனியாக ஒருத்தி இருந்தாளா, பெரியாழ்வாரே பெண் வேடத்தில் பாடினாரா? கேட்டவர் சாதாரண ஆள் இல்லை, ராஜாஜி. ஆண்டாள் பெரியாழ்வாரின் படைப்பு என்ற கருத்தில் அவர் எழுதியபோது வைணவ உலகம் கொதித்தது. எனக்கு அவர் வாதம் ஒட்டவில்லை. பெரியாழ்வாரின் கண்ணன் தொட்டிலில் கிடப்பவன், நிலாவைக் கேட்டு அழுபவன், காது குத்த வர மறுப்பவன். அவர் பார்வை தாயின் பார்வை. ஆண்டாள் பெயரில் உள்ள நாச்சியார் திருமொழியின் குரலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது கோபிக்கிறது, ஏசுகிறது, சங்கிடம் பொறாமைப்படுகிறது. ஒரே ஆள் இரண்டு வேடம் கட்டலாம். இரண்டு ரத்த ஓட்டம் வைத்துக்கொள்ள முடியுமா?

இருபதாம் நூற்றாண்டுக் கோதையும் எழுதிக் குவித்தவர்தான். வை. மு. கோதைநாயகி அம்மாள், 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போகாதவர். தொடக்கத்தில் அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார் என்பார்கள். 1925இல் ஜகன்மோகினி பத்திரிகையை ஏற்று நடத்தினார். 115 நாவல். மேடைப்பேச்சு, பாட்டு, சுதந்திரப் போராட்டத்தில் சிறை. 1960இல் மறைந்தார். வைணவக் குடும்பத்தில் பெண்குழந்தைக்குக் கோதை என்று பெயர் வந்தால் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டியதில்லை.

ஆண்டாள் என்ற பெயருக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்று ஆண்டாள் என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று. வரலாற்றுக்கு முக்கியமான இரண்டாம் ஆண்டாள் காஞ்சிபுரத்துக்கு அருகே கூரம் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவர், ராமானுஜரின் தலைமைச் சீடர் கூரத்தாழ்வானின் மனைவி. கூரத்தாழ்வான் பெரும் செல்வர். எல்லாவற்றையும் துறந்து இருவரும் ஸ்ரீரங்கத்துக்கு நடந்தார்கள். காட்டுவழியில் ஆண்டாள், இங்கே பயமொன்றும் இல்லையே என்று கேட்டார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்றார் கணவர். மடியில் இருந்தது. கணவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்திருந்தார் அந்த அம்மாள். கூரத்தாழ்வான் அதை வாங்கிக் காட்டுக்குள் எறிந்துவிட்டு நடந்தார்.

கூரத்தாழ்வானின் தியாகத்துக்காகவே இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ அந்த வட்டிலைப் பதுக்கி எடுத்து வந்தவள் மேல்தான் கண். ஸ்ரீரங்கத்தில் ஒருநாள் ஓயாத மழை, பிச்சைக்குப் போக முடியவில்லை, கணவர் பட்டினி. ராத்திரி கோயிலில் நைவேத்திய மணி அடிக்கிறது. உன் அடியான் இங்கே பட்டினி கிடக்கிறான், நீ அங்கே அமுது செய்கிறாயோ என்று ஆண்டாள் மனசுக்குள் அரங்கனைக் கேட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் மேளதாளத்தோடு பிரசாதம் வீடு தேடி வந்தது. விஷயம் தெரிந்த கூரத்தாழ்வான் மனைவியைக் கடிந்துகொண்டார். இரண்டு பிடி மட்டும் எடுத்து அவரிடமே கொடுத்தார். அந்த இரண்டு பிடியின் பலனாகப் பிறந்த பிள்ளைகளில் மூத்தவரே பராசர பட்டர் என்பது குருபரம்பரை.

பெருமாளிடம் உரிமையோடு சண்டை போடுவதில் முதல் ஆண்டாளுக்கு இரண்டாம் ஆண்டாள் சளைத்தவர் இல்லை. இருவருக்கும் இடையே இரண்டு மூன்று நூற்றாண்டு இடைவெளி. ஆனால் மாணவர்கள் தேர்வுத்தாளில் குழம்புவதற்குக் காரணமும் உண்டு. முதல் ஆண்டாளின் அப்பா பட்டர்பிரான். இரண்டாம் ஆண்டாளின் பிள்ளை பட்டர். முதல் ஆண்டாளின் அண்ணன் என்று பெயர் வாங்கியவர் ராமானுஜர். இரண்டாம் ஆண்டாள் அவருடைய சீடரின் மனைவி. அண்ணன் உறவு வந்த வழியும் ஒரு கதை. அழகர்கோயில் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாகக் கோதை பாட்டில் நேர்ந்துகொண்டாள். நேர்த்திக்கடனை அவள் செலுத்தியதாகச் செய்தி இல்லை. ராமானுஜர் அதைச் செலுத்திவிட்டு வில்லிபுத்தூருக்கு வந்தபோது கருவறைக்குள்ளிருந்து அண்ணா என்று அழைப்பு வந்ததாம். தங்கையின் கடனை அடைத்தவன் அண்ணன் என்பது தென்பாண்டிச் சீமையில் இன்றும் செல்லுபடியாகும் கணக்கு.

சென்னைக்காரர்களுக்கு ஆண்டாள் என்றால் மூன்றாவது ஒருவர். லேடி ஆண்டாள். உயர்நீதிமன்ற நீதிபதி சர் முத்தா வெங்கடசுப்பா ராவின் மனைவி. கணவரோடு சேர்ந்து 1928இல் மெட்ராஸ் சேவா சதனைத் தொடங்கியவர். கணவரின் சர் பட்டத்தால் மனைவிக்கு லேடி வந்தது. அவர் பெயர் தாங்கிய பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கோதை வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்திருப்பார்களோ.

ராஜபாளையத்தில் பெயர்ச் சிக்கலுக்கு வேறு முகம். அங்கே ராமசாமி, சுப்பிரமணியம், குமாரசாமி என்று சாமிப்பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். தாத்தா பெயர் பேரனுக்கு. ஆகவே ஆளை அடையாளம் காட்டுவது பெயரின் முன்னால் நிற்கும் எழுத்துகள்தான். 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய ராமசாமி ராஜாவை ஊரில் ராமசாமி என்றால் யாருக்கும் விளங்காது, பி.ஏ.சி. என்றால் போதும். ராமசாமி என்று மட்டும் சொல்லி விளங்க வைப்பது அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் முழுக்கவே கஷ்டம். ஈரோட்டில் ஒருவர், ஓமந்தூரில் ஒருவர், திருவாங்கூர் திவானாக சி.பி. ஒருவர்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரிடமிருந்து 1949 ஏப்ரலில் மாகாணப் பிரதமர் பொறுப்பை ஏற்றவர் ராஜபாளையத்து பூ. ச. குமாரசாமி ராஜா. 1898இல் பிறந்தவர். 1950 ஜனவரி 26 அன்று குடியரசு பிறந்ததும் அந்தப் பதவி முதலமைச்சர் என்றானது. அவருக்குப் பின் வந்தவர்கள் ராஜாஜி, காமராஜர். வரிசையாக மூன்று முதல்வர்கள், மூவர் பெயரிலும் ராஜா. ஒருவருக்கு அது குலப்பட்டம். ஒருவருக்கு ராஜகோபாலாச்சாரி சுருங்கி, மரியாதைக்கு ஒரு ஜி சேர்ந்தது. மூன்றாமவருக்கு வைத்த பெயர் காமாட்சி. ராசா என்று அம்மா கொஞ்சியதில் காமராசா ஆனார். இதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தற்செயலுக்கும் ஒரு ரசனை இருக்கிறது. 1952 தேர்தலில் குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்துகொண்டே தோற்றார். ராஜாஜி தேர்தலில் நிற்காமல் மேலவை நியமனத்தின் வழியே முதலமைச்சரானார். காமராஜர் அதே தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் போனார். எந்தத் தொகுதியிலிருந்து? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. 1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சராகச் சென்னைக்கு வந்தபோது, குமாரசாமி ராஜா ஒரிசாவின் ஆளுநராகியிருந்தார். கிருஷ்ணதேவராயர் படையோடு போய் வென்ற கஜபதிகளின் நாட்டுக்கு, தெலுங்கு பேசும் ராஜபாளையத்துக்காரர் அரசியல் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். தம் சொந்த வீட்டை ஊருக்குக் கொடுத்துவிட்டவர் அவர். அதுதான் ராஜபாளையத்தின் காந்தி கலை மன்றம்.

அவர் பெயரின் முன் நிற்கும் பூ என்பது பூசபாடி. ராஜுக்கள் இதை இண்டி பேரு, அதாவது வீட்டுப்பெயர் என்பார்கள். வடக்கு ஆந்திரத்தில் விஜயநகரம் என்ற சமஸ்தானத்தை ஆண்டவர்களுக்கும் பூசபாடிதான் வீட்டுப்பெயர். அந்த விஜயநகரம் ஹம்பி விஜயநகரம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1936இல் இங்கிலாந்துக்குப் போன இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைவராகி, ஆட்டத்தைவிட அதிகமாக அரசியல் ஆடிய விஜி என்ற இளவரசர் அந்தக் குடும்பம்தான். ராஜபாளையத்துப் பூசபாடிகளும் அவர்களும் எந்த இடத்தில் பிரிந்தார்கள், ராஜுக்கள் இந்த மலையடிவாரத்துக்கு எந்த வழியாக வந்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.